ஒஸ்லோ வெராண்டாவில் ஆறு போத்தல்

என்னை ஒஸ்லோவுக்கு அனுப்பிவைத்தது என் ஆங்கிலமும் இல்லை, வைனைப் பற்றிய அறிவும் இல்லை. முதலாவது ஓட்டை, இரண்டாவது அறவே கிடையாது. வடக்கு இத்தாலியில் ஒரு மலைச்சரிவில் இருக்கும் வைன் பண்ணையில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு வாய் குடித்தால் முகம் சிவந்து நித்திரை வந்துவிடும். அதனாலேயே பண்ணைக்காரி லூச்சியா கிடங்குச் சாவியை என்னிடம் தந்திருக்கிறாள். அங்கே நான் திறமைசாலி என்று பெயர் வாங்க அந்த ஒரு நோய் போதுமாக இருந்தது.

என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். லூச்சியா வீட்டார் பாட்டன் காலத்து முறையில் சிவப்பு வைன் செய்கிறவர்கள். புளித்த சாற்றைச் சிறு அறையளவு மரப்பீப்பாய்களில் ஊற்றி வருடக்கணக்காகக் கிடக்க விடுவார்கள். பீப்பாயின் அடியில் தலையணை அளவில் ஒரு கதவு உண்டு. பீப்பாயைக் காலி செய்யும்போதெல்லாம் யாராவது அதற்குள் ஊர்ந்துபோய் உட்சுவரில் படிந்த கறையைச் சுரண்டிக் கழுவ வேண்டும். அந்தக் கதவுக்குள் நுழையக்கூடிய வளர்ந்த ஆண் அந்த ஊரில் நான் ஒருவன்தான். அகதியாக வந்த மற்றவர்கள் படிப்பைக் காட்டி வேலை எடுத்தார்கள். நான் இடுப்பைக் காட்டி எடுத்தேன்.

லூச்சியாவின் தம்பி ரென்சோவுக்கு இந்தப் பாட்டன் முறை பிடிக்கவில்லை. புதிய சின்னப் பீப்பாய்களில் போட்டால் வைன் சீக்கிரம் பதமாகும், மென்மையாகத் தொண்டையில் இறங்கும், உலகம் அதைத்தான் கேட்கிறது என்பது அவனுடைய கட்சி. பழைய பீப்பாய்கள் ஒவ்வொன்றாக ஒரு மரவேலைக்காரனிடம் போய்ச் சாப்பாட்டு மேசைகளாயின. கடைசியாக இரண்டே இரண்டு மிஞ்சின. மேசைக்காரன் வந்து அவற்றையும் அளவெடுத்துவிட்டுப் போனான்.

அந்த நேரத்தில்தான் ஒஸ்லோவில் இருந்து ஆர்னே என்ற வைன் இறக்குமதிக்காரர், பழைய முறை வைனை ருசி பார்க்க வேண்டும், கொண்டுவருவீர்களா என்று கேட்டார். அக்காவும் தம்பியும் சாப்பாட்டு மேசையிலேயே ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். நோர்வேக்காரர் வாங்கினால் இரண்டு பீப்பாயும் இருக்கும். வாங்காவிட்டால் வசந்தத்தில் மேசை. நான் பக்கத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சின்னப் பீப்பாய்க்குள் என் முழங்கைக்கு மேல் எதுவும் போகாது, ஆகவே என் பிழைப்பும் சேர்ந்துதான் மேசையாகப்போகிறது என்பது யாருக்கும் தோன்றவில்லை.

எழுபதை நெருங்கும் லூச்சியா அதுவரை விமானம் ஏறியதில்லை. இத்தாலிய மொழி தவிர வேறொன்றும் தெரியாது. "ஒஸ்லோவிலை எனக்கு ஆக்கள் இருக்கினம்" என்ற பொருள்பட நான் பல தடவை அளந்திருந்தது இப்போது பலித்தது. போத்தல் தூக்கவும் மொழிபெயர்க்கவும் நான்.

டிசம்பர் தொடக்கம். கையில் போத்தல் கொண்டு விமானம் ஏற விட்ட காலம் அது. ஒஸ்லோ விமான நிலையத்தில் லூச்சியாவின் கட்டளைப்படி நேர்மையாகச் சுங்கத்தில் காட்டப் போனோம். ஆறு போத்தலையும் மேசையில் வரிசையாக வைத்தேன். அதிகாரி இளம் பெண். இது எப்படிப்பட்ட வைன் என்று கேட்டாள்.

"சிவப்பு" என்றேன்.

"ருசி எப்படி இருக்கும்?"

"தெரியாது. நான் குடிப்பதில்லை."

அவள் என்னைப் பார்த்தாள், போத்தல்களைப் பார்த்தாள், உள்ளே போய் இன்னொரு அதிகாரியைக் கூட்டிவந்தாள். குடிக்காதவன் ஆறு போத்தலோடு நிற்பதைப் பார்க்கத்தான் அவரும் வந்திருக்க வேண்டும். லூச்சியா தன் வைனைப் புகழ்கிறார்கள் என்று நினைத்து இருவருக்கும் ஆளுக்கொரு கட்டி பருப்பு மிட்டாய் கொடுத்தாள். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டு வெளியே வந்தபோது என் முதுகு நனைந்திருந்தது. வெளியே மைனஸ் ஒன்பது.

நகரத்து விடுதியில் லூச்சியாவின் அறை சூளை மாதிரி கொதித்தது. நோர்வேக்காரர் வெளியில் உறைவதற்குப் பழிவாங்க உள்ளே தங்களை அவித்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவள் சூடாக்கியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போத்தல்களை என்னிடமே தள்ளினாள்.

"இங்கே வைத்தால் செத்துவிடும். உன் நண்பன் வீட்டுக்குக் கொண்டுபோ. குளிரான இடத்தில் நிமிர்த்தி வை. நாளை மறுநாள் காலை வரை யாரும் தொடக் கூடாது, மூச்சுக்கூட விடக் கூடாது. வண்டல் கீழே இறங்க வேண்டும்."

நம்முடைய அரிஷ்டப் போத்தலைக் குலுக்கிவிட்டுக் குடிப்போம். இது அதற்கு நேர் எதிர். பழைய வைனை இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து, தெளிந்ததை மட்டும் ஊற்ற வேண்டும். "குளிரான இடம்" என்று அவள் மூன்று தரம் சொன்னாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் அன்று நன்றாகவே ஞாபகம் வைத்திருந்தேன், வினையே அதனால்தான் வந்தது.

சிவநேசன் என்னோடு யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் படித்தவன். இப்போது ஒஸ்லோவை ஒட்டிய லோறென்ஸ்கூக்கில் சொந்த வீடு, பஸ் ஓட்டுகிற வேலை. பதினைந்து வருடத்துக்குப் பிறகு சந்திக்கப்போகிறோம், கார் கொண்டுவருவான் என்று எதிர்பார்த்தேன். "எனக்கு இண்டைக்கு ஷிப்ட் மச்சான். நீ என்ரை பஸ்ஸிலையே ஏறி வா" என்று போனில் சொல்லிவிட்டான்.

பஸ்ஸில் ஏறினால் சாரதி இருக்கையில் சீருடையோடு அவன். எழும்பிக் கட்டிப்பிடிக்க முடியாது, பின்னால் வரிசை நிற்கிறது. "பின்னாலை போய் இரு, பிறகு கதைப்பம்" என்றான். ஆனால் அவனால் பொறுக்க முடியவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியில் என்னைப் பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கும்படி தமிழில் ஒரு கேள்வி.

"அந்தோனி, நீ ஏன்ரா இன்னும் ஈர்க்குக் குச்சி மாதிரி இருக்கிறாய்? அங்கை சாப்பாடு தாறேல்லையோ?"

பதினைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே இருட்டைப் பார்த்தார்கள். என் பக்கத்து இருக்கை கடைசி வரை காலியாகவே வந்தது. நின்றுகொண்டு வந்தவர்கள்கூட அதில் உட்காரவில்லை. இத்தாலி பஸ் என்றால் இது எந்த வருடத்து வைன், எந்தச் சரிவு, உன் முதலாளி யார் என்று விசாரித்து முடித்திருப்பார்கள். நம்மூர் மினிபஸ் என்றால் என் மடியில் ஒருவரும் போத்தல்கள் இன்னொருவர் மடியிலும் இருந்திருக்கும்.

அவனுடைய ஷிப்ட் முடிகிற கடைசி நிறுத்தத்தில் இறங்க ஒரு காலை வைத்தேன். அடுத்த காலை வைக்க நிலம் இருக்கவில்லை. கண்ணாடிபோல உறைந்த பனியில் மல்லாக்காக விழுந்து மூன்று முழம் வழுக்கிப்போனேன். ஆனால் பை இரண்டையும் நெஞ்சோடு அணைத்தபடியேதான் விழுந்தேன். ஒரு போத்தலுக்கும் கீறல் இல்லை. பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிவந்த சிவநேசன் என்னைத் தூக்குவதற்கு முன் பைகளைத் தூக்கினான். அந்த நிமிடத்தில் எனக்கு என்மேல் வந்த மதிப்பு, பிறகு ஒரு நாளும் வரவில்லை.

சிவநேசனின் மனைவி ரதி, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். கதவைத் திறந்து "வாங்கோ அண்ணை, வாங்கோ. குளிருக்கை நிக்காதேங்கோ" என்றாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. பைக்குள் போத்தல் கிணுங்கியதும் அவளுடைய கண் அங்கே போய் அங்கேயே நின்றுவிட்டது. வீடு முழுக்கச் சாம்பிராணி வாசம். குசினிக்குப் பக்கத்தில் சுவாமித் தட்டில் பிள்ளையார் படம், விளக்கு, ஒரு சின்னப் புத்தகம்.

சிவநேசன் என் காதைக் கடித்தான். "மச்சான், பிள்ளையார் பெருங்கதை விரதம் நடக்குது. இருபத்தொரு நாள். அவள் ஒரு நேரம்தான் சாப்பாடு. மீன் இறைச்சி எண்டு மச்சம் ஒண்டும் வீட்டுக்கை இல்லை."

"மச்சமில்லாமல் நீ எப்பிடி இருக்கிறாய்?"

அவன் திரைச்சீலையை விலக்கிக் காட்டினான். வெளி வெராண்டாவில் பனிக்குள் பாதி புதைந்த பிளாஸ்டிக் பெட்டி. "மீன், ஆட்டிறைச்சிக் கறி எல்லாம் உங்கைதான் கிடக்குது. வீட்டுக்கு வெளியிலை எண்டபடியால் விரதத்துக்குக் குற்றமில்லை. குளிர் காலத்திலை நோர்வேயிலை எல்லாருக்கும் உதுதான் பிறிட்ஜ்."

நான் கத்தோலிக்கன்தான். ஆனாலும் விரத வீட்டுக்குள் ஆறு போத்தல் வைனோடு போய் இருக்கிற அளவுக்கு முகத்தில் தோல் தடித்தவன் இல்லை. வெராண்டா. வீட்டுக்கு வெளியே, அதனால் பிள்ளையாருக்குக் கோபம் வராது. குளிரான இடம், அதனால் லூச்சியாவுக்கும் கோபம் வராது. யாரும் தொடப்போவதுமில்லை. ரதி வாய் திறந்து கேட்பதற்கு முன் நானே சொன்னேன்.

"தங்கச்சி, இதை நான் வெளியிலை வைக்கிறன்."

அவளுக்கு மூச்சு வந்தது. "குறை நினையாதேங்கோ அண்ணை. வந்த உடனை உங்களிட்டை எப்பிடிச் சொல்லுறது எண்டுதான் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்."

நான் குறை நினைக்கவில்லை, பெருமைதான் நினைத்தேன். மீன் பெட்டிக்குப் பக்கத்தில் ஆறு போத்தலையும் படைவீரர் போல நிறுத்திவைத்துவிட்டு வந்தேன். நோன்பிருந்த கையால் அவள் சமைத்த பருப்பும் கத்தரிக்காயும் அப்பளமும் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டேன். ரதி உள்ளே போனதும் சிவநேசன் என்னை வெராண்டாவுக்குக் கூட்டிப்போய் மேலங்கியோடு நிற்க வைத்து ஆட்டிறைச்சிக் கறியும் பாணும் தந்தான். இரண்டு சமயத்தையும் ஒரு வைன்காரியையும் ஒரே நாளில் திருப்திப்படுத்திய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன்.

மறுநாள் காலை என்னை எழுப்பியது ரதியின் சத்தம். "அண்ணை! ஓடி வாங்கோ! வெராண்டாவிலை ரத்தம்!"

சிவநேசன் அதிகாலையிலேயே வேலைக்குப் போயிருந்தான். விளக்கேற்ற வந்தவள் திரையை விலக்கிப் பார்த்திருக்கிறாள். ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். வெள்ளைப் பனியில் கடா வெட்டியதுபோலச் சிவப்பு. மூன்று போத்தலின் தக்கை தூரத்தில் கிடந்தது. அவற்றின் வாயிலிருந்து சிவப்பு ஐஸ் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. ஒன்று குறுக்காகப் பிளந்திருந்தது. மிச்சம் இரண்டில் தக்கை பாதி எழும்பி, போவதா இருப்பதா என்று யோசிப்பதுபோல நின்றது. சுவரில் இருந்த வெப்பமானி மைனஸ் பதினாறு காட்டியது.

மதுவென்றால் உறையாது என்று எங்கேயோ யாரோ சொன்னதை நம்பியிருந்தேன். வைன் கிடங்கிலேயே பன்னிரண்டு வருடம் வாழ்ந்தவனுக்குத் தெரிந்த லட்சணம் இவ்வளவுதான். எங்கள் கிடங்கு நிலத்துக்குள் இருக்கிறது, கோடையிலும் மாரியிலும் ஒரே குளிர். குளிருக்குள்ளும் கொல்லுகிற குளிர் என்று ஒன்று இருப்பது என் தலைக்குள் ஏறவில்லை. வெறுங்காலோடு பனியில் நின்று பிளந்த போத்தலைப் பொருத்திப் பார்த்தேன். பொருத்தி என்ன செய்யப்போகிறேன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

"அண்ணை, அழாதேங்கோ" என்றாள் ரதி. அழுகிறேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பீப்பாய்கள், மேசைக்காரன், ரென்சோ, என் வேலை எல்லாவற்றையும் மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு வெராண்டாவுக்கு வந்து, தக்கை போகாத இரண்டு போத்தலையும் கையில் எடுத்தாள்.

"தங்கச்சி, விரதம்..."

"விரதத்தைப் பிள்ளையாரிட்டை நான் சொல்லிக்கொள்ளுறன். வந்த ஆளின்ரை பிழைப்பைப் பனிக்கை விட்டிட்டு நான் உள்ளுக்கை இருந்து என்ன கதை படிக்கிறது?"

குளியலறையில் ஒரு வாளியில் பச்சைத் தண்ணீர் பிடித்து, மீன் இளக வைப்பதுபோல இரண்டையும் அதற்குள் நிமிர்த்தி வைத்தாள். சுவாமித் தட்டுக்கு முன்னால் போய்க் கண்ணை மூடி உதட்டுக்குள் ஏதோ சொன்னாள். பிறகு எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தாள், தான் குடிக்கவில்லை. நான் அந்த வாளியைப் பார்த்தபடி கதவடியில் குந்தியிருந்தேன்.

லூச்சியாவுக்குப் போன் எடுத்தேன். என் வாழ்க்கையிலேயே சுருக்கமான இத்தாலிய வாக்கியத்தைச் சொன்னேன். "முகவரி சொல்லு" என்றாள்.

டாக்சியில் வந்து இறங்கினாள். வாசலில் சப்பாத்தைக் கழற்றச் சொன்னபோது மறுபேச்சில்லாமல் கழற்றினாள், பெருவிரல் தெரிகிற கறுப்புக் காலுறையோடு நேரே குளியலறைக்குப் போனாள். வாளிக்கு முன்னால் நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பித் தொடங்கினாள். அதில் பாதி மலைநாட்டுப் பேச்சு, மொழிபெயர்க்க முடியாது, முடிந்தாலும் அச்சில் போட முடியாது. கழுதை, பூசணிக்காய், என் ஞானஸ்நானம் மூன்றும் வந்தன.

ரதிக்கு ஒரு சொல் விளங்காவிட்டாலும் எல்லாம் விளங்கிவிட்டது. "அண்ணை, என்னாலைதான் எண்டு அம்மாவுக்குச் சொல்லுங்கோ. நான் விரதம் இருந்தபடியால்தான் வெளியிலை வைச்சவர் எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். லூச்சியா வாயை மூடினாள். சுவாமித் தட்டையும் விளக்கையும் அப்போதுதான் பார்த்தாள். "எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை இவள்?"

"ஒரு நேரம் சாப்பிடுகிறாள், சிஞோரா. இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது."

"என் அம்மாவும் டிசம்பரில் மாதாவுக்காக இப்படி இருந்தவள்" என்றாள் லூச்சியா. பிறகு ரதியின் கன்னத்தைத் தட்டி, "குளிரான இடம், குளிரான இடம் என்று சொன்னவள் நான்தான். அதையும் அவளுக்குச் சொல்லு" என்றாள். அதையும் சொன்னேன். இரண்டு பேரும் மாறி மாறித் தங்கள் பிழை என்றார்கள். என் பிழை என்று சொல்ல எனக்கு இடைவெளி கிடைக்கவில்லை, நானும் பெரிதாகத் தேடவில்லை.

அன்று பின்னேரம் லூச்சியா விடுதிக்குப் போக மறுத்துவிட்டாள். போத்தலுக்குக் காவல் என்றாள். ரதி குளித்துவிட்டு வந்து விளக்குக்கு முன் உட்கார்ந்து பெருங்கதை படித்தபோது இவளும் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தாள். "என்ன சொல்கிறாள்?" என்று என்னை இடித்தாள். பாட்டாக இருந்த அந்தத் தமிழ் எனக்கே பாதி விளங்கவில்லை. யானைத் தலையுள்ள ஒரு கடவுள், தன்னை நம்பினவர்களுக்கு இழந்ததைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று உத்தேசமாக விட்டேன். லூச்சியா பிள்ளையார் படத்தை நீண்ட நேரம் பார்த்தாள். "வைனும் கொடுப்பாரா என்று கேள்" என்றாள். நான் கேட்கவில்லை.

படிப்பு முடிந்ததும் படைத்த மோதகம் வந்தது. லூச்சியா ஒன்றைக் கடித்து, உள்ளே பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் இருப்பதைப் பார்த்து, இது எங்கள் ஊரில் பூரணம் வைத்து அவிக்கும் ரவியோலியின் தங்கை என்று அறிவித்தாள். நான்கு சாப்பிட்டாள். நான் எத்தனை என்று சொல்ல மாட்டேன். கவலை வந்தால் எனக்கு வயிறு திறந்துகொள்ளும். சிவநேசன் வேலையால் வந்ததும் வெராண்டா விருந்து வேறு.

மூன்றாம் நாள் காலை விடுதியில் உடுப்பு மாற்றப் போன இடத்தில் லூச்சியாவுக்கு நோர்வேயின் பழுப்புப் பாற்கட்டியைக் கொடுத்திருக்கிறார்கள். சவர்க்காரம் என்று நினைத்துக் கைகழுவும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன் என்றாள். கோப்பியைப் பற்றி அவள் சொன்னதை நான் இங்கே எழுதவில்லை, நோர்வே எனக்கு ஒரு கெடுதியும் செய்யவில்லை.

இளகிய போத்தல் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு டிராமில் போனோம். வழியில் லூச்சியாவிடம் மெதுவாக, "சிஞோரா, உறைந்த கதையை ஆர்னேயிடம் சொல்லாமல் விட்டால் என்ன?" என்றேன்.

"ஒரு சொல் விடாமல் சொல்லுவாய்" என்றாள். "அப்பாவின் பீப்பாயைப் பொய் சொல்லிக் காப்பாற்ற மாட்டேன்."

ஆர்னே நெடுநெடுவென்ற மனிதர். நிலவறை போன்ற இடத்தில் ஒரு நீள மேசை, வெள்ளைத் துணி, கிண்ணங்கள். என் ஓட்டை ஆங்கிலத்தில் பெருங்கதை விரதம், மீன் பெட்டி, மைனஸ் பதினாறு எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். வெராண்டாவில் பியரை வெடிக்க விடாத நோர்வேஜியன் இந்த நாட்டில் இல்லை என்றார். போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அடியில் கற்கண்டுத் தூள்போல ஏதோ மினுங்கியது. கிண்ணத்தில் ஊற்றினார், மணந்தார், வாயில் வைத்தார், கண்ணை மூடினார். லூச்சியா தன் கைப்பையின் பிடியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடிபட்டிருக்கிறது" என்றார் கடைசியில். "உள்ளே நல்லது ஒன்று இருக்கிறது, ஆனால் அது அடிபட்டிருக்கிறது. இதை வைத்து நான் எப்படி முடிவெடுப்பது?" பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்றார்.

"நான் குடிப்பதில்லை" என்றேன். சுங்கத்தில் விழுந்த அதே பார்வை விழுந்தது. லூச்சியா கிண்ணத்தை என் கையில் திணித்து, "குடி!" என்றாள்.

குடித்தேன். பன்னிரண்டு வருடம் நான் உள்ளே போய்ச் சுரண்டிய பீப்பாய்களின் வைனை அன்றுதான் ஒழுங்காக வாயில் வைத்தேன். பாக்கும் கடுக்காயும் ஒன்றாக மென்றதுபோல நாக்கைப் பிடித்து இழுத்தது. விட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, காய்ந்த ரோசாப்பூ மாதிரி ஒரு வாசம் மூக்குக்குள்ளால் வந்தது. இதுவா அது, இவ்வளவு காலமும் இதற்குள்ளேயா நான் தூரிகையோடு உட்கார்ந்திருந்தேன் என்று நினைத்தேன். ஆங்கிலம் வரவில்லை. கன்னத்தை இரண்டு பக்கமும் உள்ளே இழுத்து முகத்தால் காட்டினேன். ஆர்னே தலையாட்டினார்.

அதன்பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. நித்திரையாகிவிட்டேன். மொழிபெயர்க்க என்று கடல் கடந்து கூட்டிவரப்பட்டவன், பேச வேண்டிய நேரத்தில் கதிரையில் வாயைப் பிளந்தபடி.

லூச்சியா என் தோளில் தட்டி எழுப்பினாள். "வா, போவோம்."

"என்ன சொன்னார்?"

"ஏப்ரலில் வருகிறாராம். பீப்பாயிலிருந்தே எடுத்துக் குடித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்லுவாராம். அதுவரை பீப்பாய்க்கு ஒன்றும் ஆகக் கூடாதாம்."

"உங்களுக்கு எப்படி விளங்கியது?"

"அவர் நாட்காட்டியைக் காட்டினார். நான் படம் வரைந்து காட்டினேன்."

மேசைத் துணியில் பென்சிலால் ஒரு பீப்பாய் வரைந்திருந்தது. அதன் சின்னக் கதவுக்கு வெளியே இரண்டு மெல்லிய கால் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அம்புக்குறி போட்டு, நித்திரை கொள்ளும் என் பக்கம் காட்டியிருந்தாள்.

நாலாம் நாள் ரதி விமான நிலையத்துக்கு வந்து முறுக்கும் எள்ளுருண்டையும் மோதகமும் நிறைந்த பெட்டியைத் தந்தாள். லூச்சியா தன் கழுத்தில் இருந்த மாதா பதக்கத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தாள். சுவாமித் தட்டில் வைக்கலாமா என்று ரதி என்னைக் கேட்டாள். வைக்கலாம் என்று இரண்டு சமயங்களின் சார்பிலும் நானே அனுமதி கொடுத்தேன். ஆறு போத்தல் கொண்டுபோன பைகளில் திரும்பும்போது முழுக்கப் பலகாரம். இத்தாலியில் இறங்குவதற்குள் ஒரு பை காலி.

ஏப்ரல் வந்தது. ஆர்னே வருகிற அன்று காலையில் ஒரு பீப்பாய் காலியாக இருந்தது. அவர் பார்க்கும்போது அது பளிச்சென்று இருக்க வேண்டும் என்றாள் லூச்சியா. தூரிகையும் விளக்கும் எடுத்துக்கொண்டு வழக்கம்போலக் கையையும் தலையையும் விட்டேன். தோள் சரிவாகப் போயிற்று. வயிறு மூச்சை விட்டதும் போயிற்று. இடுப்பு போகவில்லை. பின்னால் எடுத்தேன், வரவும் இல்லை.

பலகாரம், நத்தார்ப் பண்டிகைச் சாப்பாடு, அதற்குப் பிறகு மேசைக்காரன் வருவானோ என்ற கவலையில் தின்றது எல்லாம் அந்தக் கதவில் கணக்குத் தீர்த்தது. இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தபோது கிடங்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஆர்னேயின் குரல் பீப்பாய்க்குள் கோயில் மணிபோல முழங்கியது.

"ஓ! படத்தில் இருந்த கால்!"

என்னை யாரும் இழுக்கவில்லை. முதலில் வைன் என்று லூச்சியா சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துப் பீப்பாயின் குழாய் திறந்தது கேட்டது. கிண்ணத்தில் விழுந்தது கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. குடிக்கிறவரின் முகத்தைப் பார்க்க முடியாமல், என் பிழைப்பு நிற்குமா போகுமா என்று, தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் காத்திருந்த அந்த நேரத்தை என் எதிரிக்கும் விரும்ப மாட்டேன்.

"இதுதான்" என்றார் ஆர்னே. "அடிபடாமல் இருந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்கே நினைத்தேன். எனக்கு இது வேண்டும். இந்த வருடம் மட்டுமல்ல."

லூச்சியா மூக்குறிஞ்சுவது கேட்டது. நானும் உறிஞ்சினேன், பீப்பாய் அதைப் பெரிதாக்கிக் கிடங்கு முழுக்க அனுப்பியது. அதற்குப் பிறகுதான் என் ஒரு காலை ஆர்னேயும் மற்றக் காலை ரென்சோவும் பிடித்தார்கள். கன்றுக்குட்டி பிறக்கிற மாதிரி வெளியே வந்து விழுந்தேன். ரென்சோ என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னான்: "சரி, நீ வென்றாய். பீப்பாய் இருக்கட்டும். ஆளைத்தான் மாற்ற வேண்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த பீப்பாய் மாரியில் காலியாகும், அதற்குள் பழைய இடுப்போடு வந்து சேர் என்று லூச்சியா தவணை கொடுத்தாள். அவள் சிரிக்கவில்லை.

கார்த்திகை நெருங்கியபோது ஒஸ்லோவுக்குப் போன் எடுத்தேன்.

"ரதி, அந்தப் பெருங்கதை விரதம் நானும் பிடிக்கலாமோ?"

"ஓம் அண்ணை, ஆரும் பிடிக்கலாம். என்ன நேர்த்தி?"

"இடுப்புக்கு."

போனுக்குள் சிவநேசன் சிரிக்கிற சத்தம் கேட்டது. ரதி சிரிக்காமல் விதிகளைச் சொன்னாள். விடியக் குளிக்க வேணும். ஒரு நேரம் சாப்பாடு. கதை படிக்க வேணும், தெரியாவிட்டால் போனில் தான் படிப்பாள், கேட்டால் போதும். "மற்றது, முக்கியம் அண்ணை, மச்சமும் குடிவகையும் வீட்டுக்கை இருக்கக் கூடாது."

நான் படுக்கிற அறை கிடங்குக்கு நேர் மேலே. என் கட்டிலுக்குக் கீழே லூச்சியாவின் அப்பாவுடைய பீப்பாய்கள் இரண்டும் நிற்கின்றன.

"ரதி, அதை வெளியிலை வைக்க ஏலாதே."

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப நீங்கள் வெளியிலை படுங்கோ அண்ணை."